நிலமும் குடியேற்றமும் வாக்கும்: கல்முனைக் கரையோரத்தின் நிலச் சீர்திருத்த வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அந்நிய ஆட்சியினின்றும் விடுதலை பெற்ற நாடுகளில் முதலில் எழுந்த வினாக்களுள் ஒன்று நிலம் யாருக்கு உரியது என்பதாகும். ஆசிய, ஆபிரிக்க நாடுகள் இவ்வினாவுக்கு இரு வழிகளில் விடை காண முயன்றன. உடையவனிடமிருந்து நிலத்தை எடுத்து உழுபவனுக்குக் கொடுப்பது ஒரு வழி. 1975 ஆம் ஆண்டில் கிராமப்புற நிலம் அனைத்தையும் பொதுவுடைமையாக்கிய எதியோப்பியா இதற்கு உதாரணமாகும். உடையவனை அவ்வளவாகத் தொடாது, அரசு கையேற்ற அல்லது விலைக்கு வாங்கிய நிலத்தில் நிலமற்றோரைக் கொண்டுசென்று குடியேற்றுவது மற்றொரு வழி. கென்யாவில் 1962 இல் தொடங்கிய பத்து இலட்சம் ஏக்கர்க் குடியேற்றத் திட்டம் இவ்வகையினது. வெள்ளையரின் பண்ணைகள் கடன் பணத்தில் வாங்கப்பட்டு, ஏறத்தாழ 35,000 குடும்பங்கள் அவற்றில் குடியேற்றப்பட்டன. ஆயின், யார் எங்கே குடியேற்றப்படுவது என்னும் வினா அங்கு தீரவில்லை. ரிப்ட் பள்ளத்தாக்கில் 1990களின் தொடக்கத்திலும் 2007–08 இலும் தேர்தற் காலங்களில் மூண்ட இனக்கலவரங்களின் அடியில் கிடந்தது அவ்வினாவே.

முதல் வழியை மறுபங்கீடு என்றும் இரண்டாவதைக் குடியேற்றம் என்றும் நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். இலங்கை இரு வழிகளையும் கையாண்டது. ஆனால் பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கல்முனைக் கரையோரத்தில் இவ்விரண்டும் ஒரே அளவில் வேர்கொள்ளவில்லை. மறுபங்கீட்டுச் சட்டங்கள் வயல்வரம்போடு நின்றுவிட்டன. குடியேற்றமோ மாவட்ட எல்லையையும் தேர்தல் தொகுதியையும் கட்சிகளையும் மாற்றியது. இதன் விளைவாக, ‘உழுபவனுக்கு நிலம் உண்டா?’ என்ற வினா மறைந்து, ‘எந்த இனத்துக்கு எத்தனை ஏக்கர்?’ என்ற வினா அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இம்மாற்றம் நிகழ்ந்த விதத்தையும் அதனால் நட்டமடைந்தோர் யார் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போடியாரும் வயற்காரனும்

கல்முனைக் கரையோரத்தின் ஊர்கள் ஒரு நூலிற் கோத்த மணிகள் போன்றவை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறிமாறி அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, இடையே உள்ள ஒடுங்கிய மணற்றிடரில் வீடுகள். குடியிருப்பு மணலிலும் வாழ்வு வயலிலுமாக அமைந்த இவ்வொழுங்கு இப்பகுதியின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோலாகும். போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626 ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்ற செய்தி வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றது. அதற்கு முன்னரும் பின்னரும் இங்கு வாழ்ந்த முஸ்லிம்களும் தமிழரும் வேளாண்மை செய்யும் முறையில் மட்டுமன்றி, தாய்வழிக் குடிமுறையிலும் சீதன வழக்கிலும் ஒருவரையொருவர் ஒத்திருந்தனர்.

வயல்வெளி ‘வட்டை’களாகப் பகுக்கப்பட்டிருந்தது. வட்டையின் நீர்ப்பங்கீட்டையும் வேலி காவலையும் வட்டவிதானை கவனித்தார். பெருநிலமுடையோர் போடியார் எனப்பட்டனர். போடியார் தமிழராயிருந்தாலும் முஸ்லிமாயிருந்தாலும் அவருக்குக் கீழிருந்த உற்பத்தி உறவு ஒன்றே. விதைநெல், எருமை, வேலைக்காலத்துச் சாப்பாட்டு நெல் ஆகியவற்றைப் போடியார் முற்பணமாகக் கொடுப்பார். முல்லைக்காரன் மற்றைய வயற்காரரை வைத்து வேலையை நடத்துவான். சூடு மிதித்து முடிந்ததும் களவெட்டியிலேயே கணக்குத் தீர்க்கப்படும். முற்பணமும் அதன் மேல்வட்டியும் கழிந்தபின் வயற்காரன் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் நெல், அடுத்த போகம் வரை போதுவது அரிது. எனவே அவன் மீண்டும் போடியாரிடமே செல்வான்.

எனினும் இவ்வுறவை வெறுஞ் சுரண்டல் என்று மட்டும் கூறி அமைதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பஞ்சகாலத்தில் நெல் கொடுத்தவரும், திருமணத்துக்கு உதவியவரும், கச்சேரியில் வயற்காரனுக்காகப் பேசியவரும் போடியாரே. இப்பற்றும் கடப்பாடுமே பின்னர் வாக்குகளாக மாறின.

முடிக்குரிய காணி என்னும் கருத்து

பிரித்தானியரின் 1840 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலமெல்லாம், மறுதலை நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியதெனக் கொண்டது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலந்தேடி ஆக்கப்பட்ட இச்சட்டம் மலைநாட்டுக் கிராமியருக்கு இழைத்த தீங்கு பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். கீழ் மாகாணத்தில் அதன் விளைவு வேறுவகையில் வெளிப்பட்டது. கரையோர மக்கள் சேனை செய்ததும் மாடு மேய்த்ததும் விறகு வெட்டியதுமான மேற்குக் காடுகள் அரசுக்குரியனவாயின. அப்போது அக்காட்டைக் கேட்பார் இருக்கவில்லை. எனவே இழப்பும் உணரப்படவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அக்காடு அணைக்கட்டின் கீழ் வயலாக மாறியபோதுதான், அது யாருடைய காடு என்ற வினா எழுந்தது.

அதே அரசு நீர்ப்பாசனத்திலும் கைவைத்தது. 1855 இல் ஆளுநராக வந்த சேர் ஹென்றி வார்ட் இப்பகுதிக்கு நேரில் வந்து, இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களைத் திருத்துவிக்கச் செய்தார். 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய கிராமிய வழமைகளுக்குச் சட்டவலு அளித்தது. நீர் பெருகவே வயல் பெருகிற்று. விலைகொடுத்து முடிக்குரிய காணி வாங்கக்கூடியோர் கையில் அவ்வயல்கள் சேர்ந்தன. போடியார் வர்க்கம் வலுப்பெற்ற காலம் இதுவே எனலாம்.

காணியை விலைக்கு விற்றால் அது செல்வர் கையிலேயே சேரும் என்பதை உணர்ந்த அதிகாரிகளும் இருந்தனர். 1920களில் மட்டக்களப்பில் அரசாங்க அதிபராயிருந்த சி. வி. பிரேய்ன், சிறு கமக்காரருக்கு விற்கவோ ஈடுவைக்கவோ இயலாத நிபந்தனையுடன் காணி வழங்கும் முறையொன்றை இம்மாவட்டத்திற் பரீட்சித்தார். 1927 இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழு இக்கருத்தை ஏற்றது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதனை நாடு முழுவதற்குமான விதியாக்கிற்று. இலங்கையின் குடியேற்றங்கள் அனைத்துக்கும் அடிப்படையான சட்டத்தின் கருமூலங்களுள் ஒன்று நமது வயல்வெளியில் முளைத்ததென்பது நம்மவர் பலர் அறியாத செய்தியாகும்.

இச்சட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது. அனுமதிப்பத்திரக் காணியைத் துண்டாடலாகாது; அது ஒரே வாரிசுக்குச் செல்ல வேண்டும்; வாரிசு குறிப்பிடப்படாதவிடத்து ஆண்மக்களுக்கே முன்னுரிமை. வீட்டையும் வயலையும் பெண்மக்களுக்குச் சீதனமாகக் கொடுத்துப் பழகிய சமூகத்துக்கு இவ்விதி முற்றிலும் அந்நியமானது. நம் ஊர்களில் மருமகன் மனைவி வீட்டுக்கு வருவான். தாயின் நிலம் மகளுக்குப் போகும். அனுமதிப்பத்திரமோ மகனைத் தேடிற்று. இப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

கல்லோயாத் திட்டம்

தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்பட்ட கல்லோயா, ஊவாவின் மலைகளில் தோன்றி இக்கரையோரத்திற் கடலோடு கலப்பது. சுதந்திரம் பெற்ற அடுத்த ஆண்டாகிய 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் தெனசி பள்ளத்தாக்கு அதிகார சபை அதற்கு முன்மாதிரியாயிற்று. இங்கினியாகலையில் அணைகட்டும் பணியை மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் மேற்கொண்டது. எழுந்த நீர்த்தேக்கத்துக்கு முதற் பிரதமரின் பெயரால் சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயரிடப்பட்டது. 1931 முதல் விவசாய, காணி அமைச்சராயிருந்த டி. எஸ். சேனாநாயக்கவின் நீண்டகாலக் கனவு அது: உலர்வலயத்தில் அழிந்துபோன குளநாகரிகத்தை மீட்டு, நிலமற்ற கமக்காரனைச் சிறுநிலவுடைமையாளனாக்குதல்.

இக்கனவில் இரு நோக்கங்கள் பின்னிக் கிடந்தன. ஒன்று பொருளாதாரம், அரிசி இறக்குமதியைக் குறைப்பதும், ஈரவலயக் கிராமங்களின் நிலநெருக்கடியைத் தணிப்பதும் அதன்பாற்படும். மற்றது வரலாற்றுணர்வு, பண்டைய சிங்கள இராச்சியத்தின் நிலத்துக்கு மீளுதல் என்ற எண்ணம். முதலாவது நோக்கத்தை எவரும் எதிர்த்தல் இயலாது. இரண்டாவது நோக்கமோ, அந்நிலத்தின் அருகே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து, அவ்வாற்றின் நீராலேயே வேளாண்மை செய்துவந்த தமிழ்பேசும் மக்களை வரலாற்றுக்கு வெளியே நிறுத்திற்று.

குடியேற்றவாசிக்கு வயற்காணியும் மேட்டுக்காணியும் வீடும் கிடைத்தன. இடதுகரையில் இலக்கமிட்ட ‘கொலனி’கள் எழுந்தன. அவற்றிற் பெரும்பாலானவற்றுக்குச் சிங்களக் குடும்பங்கள் தெரியப்பட்டன. கரையோரத்தை அண்டிய சில கொலனிகள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்தன. நாவிதன்வெளிப் பகுதியில் அவ்விலக்கங்கள் இன்றும் ஊர்ப்பெயர்களாக வழங்குகின்றன. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவன் யார், கடைமடையில் இருப்பவன் யார் என்பதும் இதனோடு ஒருவாறு தீர்மானமாயிற்று. முன்பு வட்டவிதானை வரம்பில் நின்று தீர்த்த நீர்ப்பிணக்கு, இப்போது சபையின் பொறியியலாளர் அலுவலகத்தில் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று.

1956 ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது மூண்ட வன்செயல் கல்லோயாப் பள்ளத்தாக்கிலேயே மிகக் கொடூரமாக வெடித்தது. தமிழர் பலர் கொல்லப்பட்டனர். நிலமற்றவனுக்கு நிலமளிக்க எழுந்த திட்டம், ஏழு ஆண்டுகளுக்குள், நிலமற்றவன் நிலமற்றவனைக் கொல்லும் களமாகியமை நம் நாட்டு வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்றாகும். பொருளாதார நோக்கிற்கூட இத்திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. கேம்பிரிட்ஜ் புவியியல் அறிஞர் பி. எச். பாமர் தலைமையில் அமைந்த மதிப்பீட்டுக் குழு, பயனிலும் செலவே மிகுதி என்ற முடிவை 1970 இல் வெளியிட்டது.

நெற்காணிச் சட்டம்: வரம்பில் நின்ற சீர்திருத்தம்

குடியேற்றம் காட்டில் நிகழ்ந்துகொண்டிருக்க, பழைய வயல்களில் போடியாருக்கும் வயற்காரனுக்கும் இடையிலான உறவை மாற்ற முனைந்த சட்டங்களும் எழுந்தன. 1953 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு ஆகிய இரு மாவட்டங்களிலேயே நடைமுறைப்படுத்தப்பட்டது. குத்தகை உறவு மிகக் கடுமையாயிருந்த மாவட்டங்களுள் எமதும் ஒன்றென்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சான்றாகும். ஆனால் அச்சட்டம் பயன்தரவில்லை.

1958 இல் விவசாய, உணவு அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் துணிவானது. குத்தகை உரிமையை நிரந்தரமாக்கி, வாரிசுக்கும் செல்லத்தக்கதாக்கி, நிலவாடகையை விளைச்சலின் காற்பங்குக்கு மேற்படாமற் கட்டுப்படுத்தியது. பழைய விதானைமாரின் இடத்தில் கமக்காரரின் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. மந்திரிசபைக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்து, அடுத்த ஆண்டு மே மாதத்தில் பிலிப் குணவர்த்தன பதவி துறக்க நேர்ந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அதனை உந்திய கை விலகிற்று.

எமது வட்டைகளில் நிகழ்ந்ததை என் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். மூத்தாப்பா என்றே நாம் அவரை அழைப்போம். அவர் இளமையில் ஒரு போடியாரின் வயலில் வேலை செய்தவர். சட்டம் வந்த காலத்தில் ஒரு நாள் களவெட்டியில் வைத்து ஒரு கடதாசியில் அவரிடம் பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. தாம் அவ்வயலில் நாட்கூலிக்கு வேலை செய்பவரென்றும் தமக்கு அதில் வேறு பாத்தியதை இல்லையென்றும் அதில் எழுதியிருந்ததை அவர் பின்னரே அறிந்தார். ‘போடியாருக்கு எதிராகப் போய் நான் எந்தக் கச்சேரியில் நிற்பது? மகளுக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம்’ என்று அவர் சொன்னபோது அதில் கோபம் இருக்கவில்லை. ஒரு கணக்கு முடிந்துபோன தொனியே இருந்தது.

தனியொருவர் அனுபவத்தைக் கொண்டு பொதுமுடிவு கூறலாகாது. எனினும் இச்சட்டத்தின் அடிப்படைக் குறைபாட்டை அது விளக்குகின்றது. சட்டம் குத்தகைக்காரனைப் பாதுகாத்தது. மட்டக்களப்பு முறையிலோ முல்லைக்காரனும் வயற்காரனும் குத்தகைக்காரனா கூலியாளா என்ற எல்லை தெளிவற்றது. பங்கு வாங்குவதனால் குத்தகைக்காரன். போடியாரின் விதையும் எருமையும் கொண்டு அவர் ஏவலில் வேலை செய்வதனால் கூலி. தெளிவற்ற எல்லையை வலியவன் தனக்குச் சாதகமாகவே வரைவான். பதிவு செய்யப் போனால் வயல் போய்விடும். போகாவிட்டால் உரிமை போய்விடும். இவ்விரண்டுக்கும் இடையில் வயற்காரன் மௌனத்தைத் தெரிந்தான். போடியார் தமிழரா முஸ்லிமா என்பதை நோக்கி இம்மௌனம் மாறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

1972 இன் உச்சவரம்பு

1971 ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி நாட்டை உலுக்கியதன் பின்னர் 1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியொருவர் 50 ஏக்கருக்கு மேலோ, நெற்காணியாயின் 25 ஏக்கருக்கு மேலோ வைத்திருத்தல் ஆகாதென்றது. 1975 ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. இரு கட்டங்களிலும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. அளவில் இது பெரும் சாதனையே. ஆயினும் அவற்றிற் பெரும்பகுதி தேயிலை, இறப்பர், தென்னைத் தோட்டங்கள். நெற்காணி மிகச் சிறு பங்கே.

கரையோரத்துப் போடியாரை இச்சட்டம் ஏன் பெரிதும் தொடவில்லை? உச்சவரம்பு குடும்பத்துக்கன்றி, 18 வயதடைந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிடப்பட்டது. மேலும், சீதன வழக்கினால் வயல்கள் முன்னரே பெண்மக்களின் பெயர்களில் பிரிந்திருந்தன. உறுதியில் பலர் பெயர். களவெட்டியில் ஒருவர் குரல். நிலம் உண்மையில் யார் ஆட்சியில் இருக்கின்றது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. உறுதியில் யார் பெயர் இருக்கின்றது என்பதையே கேட்டது. ஆகவே, உழுபவனுக்கு நிலம் என்ற முழக்கம் நாடெங்கும் ஒலித்த காலத்தில், நமது வட்டைகளில் உழுபவன் முன்போலவே உழுதுகொண்டிருந்தான்.

தொகுதியும் கட்சியும்

மறுபங்கீடு வலுவிழந்த அதே காலத்தில் குடியேற்றத்தின் அரசியல் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. 1960 மார்ச் தேர்தலில் அம்பாறை தனித் தொகுதியாக இடம்பெற்றது. 1961 ஏப்ரலில் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. கச்சேரி, கரையோர நகரங்களில் அன்றி, கல்லோயாத் திட்டத்தின் நகரான அம்பாறையில் அமைந்தது. 1963 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி புதிய மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 46 வீதம், சிங்களவர் 29 வீதம், தமிழர் 23 வீதம். 1981 இல் இவை முறையே ஏறத்தாழ 41, 38, 20 என மாறின. 1978 ஆம் ஆண்டு யாப்பின் கீழ் தேர்தல் மாவட்டத்துக்குத் திகாமடுல்ல என்ற பெயரும் வந்தது.

காணியைப் பகிரும் அதிகாரம் யாருக்கு என்பதே இதன்பின் இலங்கை அரசியலின் மையப் பிரச்சினைகளுள் ஒன்றாயிற்று. 1957 ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரியும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க இணங்கியது. கல்லோயாச் சபையின் பகுதி பற்றி மேலும் ஆராய வேண்டுமெனத் தனியே குறித்தது. அவ்வளவுக்கு அது சிக்கலாயிருந்தது. 1965 ஆம் ஆண்டின் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் முதலில் அம்மாவட்டத்தின் நிலமற்றோருக்கும், அடுத்து வடக்குக் கிழக்கின் தமிழ்பேசுவோருக்கும் முன்னுரிமை வகுத்தது. இரண்டும் நிறைவேறவில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் காணியை மாகாணசபைப் பட்டியலிற் சேர்த்தபோதும், ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறுகளின் நீர்ப்பாசனத் திட்டங்களை மத்திய அரசிடமே விட்டது. ஊவாவிற் பிறந்து கிழக்கிற் கடல்சேரும் கல்லோயா அவ்விதிக்குள் அடங்குவதாகும்.

கரையோர முஸ்லிம்களின் அரசியலும் இப்பின்னணியிலேயே உருமாறிற்று. முதற்கட்டத்தில் அது போடியார் அரசியலாகும். வேட்பாளர் நிலவுடைமைக் குடும்பத்தவர்; கட்சி இரண்டாம்பட்சம். 1956 இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் பெயரால் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றதும், பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றதும் இந்த நெகிழ்வைக் காட்டும். குளத்தைத் திருத்துவதும் வாய்க்கால் வெட்டுவிப்பதும் அரசின் கையில் இருக்கையில், அரசோடு இருத்தலே வயலுக்கு நன்மை என்ற தருக்கம் அன்று செல்லுபடியாயிற்று. இரண்டாம் கட்டத்தில், இலவசக் கல்வி பெற்று வெளிவந்த வயற்காரரின் பிள்ளைகள் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் சட்டத்தரணிகளாகவும் மேடையேறினர். 1981 இல் தோன்றிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் எம். எச். எம். அஷ்ரப் தலைமையில் 1989 பாராளுமன்றத் தேர்தலில் இம்மாவட்டத்தில் வெற்றி கண்டமை, போடியாரின் மேடை சரிந்ததற்கான அடையாளமாகும். அக்கட்சியின் வளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உள. 1985 முதல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட மோதல்களும், போர்க்காலத்தில் இரு சாராரும் தத்தம் வயல்களுக்குச் செல்ல அஞ்சிய நிலையும் அவற்றுட் சில.

ஆயின் மேடை மாறிய அளவுக்கு வயல் மாறியதா? இவ்வினாவை நாம் நம்மிடமே கேட்க வேண்டியுள்ளது. புதிய அரசியல் காணியைப் பற்றி ஓயாது பேசிற்று. பறிபோன காணி, வீதாசாரத்துக்கு ஏற்பக் கிடையாத காணி என்ற முறைப்பாடுகளில் உண்மை உண்டு. 2004 ஆம் ஆண்டின் கடற்கோள் இதனை மறுக்க முடியாதவாறு காட்டிற்று. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்த அம்பாறை மாவட்டமே நாட்டில் மிகக் கூடுதலான உயிரிழப்பைக் கண்டது. கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென முதலில் விதிக்கப்பட்டபோது, ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடெனத் துண்டாடப்பட்டு நெருங்கிக் கிடந்த சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பின்வாங்கிச் செல்ல நிலமிருக்கவில்லை. பின்னே இருந்தது வயல். அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு வழங்குவதென்ற இனவீதாசாரப் பிணக்கு 2009 இல் உயர்நீதிமன்றம் வரை சென்றதனால், பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து காடேறின. கடலால் வீடிழந்தவன் யார் என்பது அங்கு வினாவாகவில்லை. அவன் எந்த இனம் என்பதே வினாவாயிற்று. கென்யாவின் பள்ளத்தாக்கிலும் நமது பள்ளத்தாக்கிலும் குடியேற்ற அரசியல் வந்தடைந்த இடம் ஒன்றே.

ஆனால் இவ்வீதாசாரக் கணக்கு ஒவ்வோர் இனத்துக்குள்ளும் இருக்கும் கணக்கை மறைத்துவிட்டது. முஸ்லிம்களின் காணி என்று நாம் கூறும்போது அதில் வயற்காரனுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்பதில்லை. தமிழரின் காணி என்போரும் கேட்பதில்லை. இனத்தின் காணியைக் காப்பதற்காகப் போடியாரும் வயற்காரனும் ஒரே அணியில் நிற்க வேண்டியதாயிற்று. அணி கலைந்தபின் போடியார் வயலுக்கும் வயற்காரன் கூலிக்கும் திரும்பினர்.

கடைமடைக்கு வந்த நீர்

இவ்வரலாறு முழுவதும் இருளன்று. 1979 முதல் இடதுகரை வாய்க்கால்களைப் புனரமைக்கும் திட்டமொன்று அமெரிக்க உதவியுடன் நடந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அதில் இணைந்து, 1981 இல் இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பின. அவ்வாண்டுச் சிறுபோகத்தில் சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர் கால்வாசியளவே இருந்தது. நீர்ப்பூசலுக்குப் பேர்போன அவ்வாய்க்கால்களில் அன்று நிகழ்ந்தது எதிர்பாராதது. தலைப்பிலிருந்த கமக்காரர் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர்பாய்ச்சி, மிச்சப்படுத்திய நீரைக் கடைமடைக்கு விட்டனர். தலைப்பிலிருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையில் தமிழ்பேசும் கமக்காரரும் இருந்தனர். நாட்டின் பிற பாகங்களில் இனப்பகை முற்றிவந்த ஆண்டுகள் அவை.

இந்நிகழ்ச்சியை மிகைப்படுத்தல் ஆகாது. அதன்பின் வந்த போரை அது தடுக்கவில்லை. எனினும் அது ஓர் உண்மையை நிறுவிற்று. தீர்மானிக்கும் உரிமை கமக்காரனிடம் வந்தபோது அவன் முதலில் வாய்க்காலைப் பார்த்தான், இனத்தை அல்ல. 1958 ஆம் ஆண்டின் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வேரூன்றியிருப்பின் முன்னரே விளைந்திருக்கக்கூடிய பயிர் இதுவெனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கல்முனைக் கரையோரத்தில் நிலச் சீர்திருத்தம் நிலவுடைமையை மாற்றாமல் நிலப்படத்தை மாற்றியது என்பது புலனாகும். அரசு தன் காட்டைப் பகிர்ந்தது. போடியார் தம் வயலைப் பகிரவில்லை. பகிர்வோன் யார் என்ற போட்டியில் மூன்று சமூகங்களும் ஒன்றையொன்று எண்ணத் தொடங்கின. எண்ணப்பட்ட தலைகளுள் வயற்காரன் தலையும் ஒன்றாயிற்று. எண்ணியவன் அவன் கையைப் பார்க்கவில்லை.

காணி பற்றி இனிவரும் ஆய்வுகளும் கோரிக்கைகளும் இரு வினாக்களை ஒருங்கே கேட்க வேண்டும். நமது மக்களுக்குரிய நீதியான பங்கு கிடைத்ததா என்பது ஒன்று. கிடைத்த பங்கு நமக்குள் யாரிடம் சென்றது என்பது மற்றொன்று. முதல் வினாவை உரத்துக் கேட்டு இரண்டாவதைக் கேளாதிருப்பின், நாம் எழுதுவது போடியாரின் வரலாறாகவே முடியும். என் மூத்தாப்பாவின் பெருவிரல் அடையாளம் பதிந்த அந்தக் கடதாசி எந்தச் சுவடிக்கூடத்திலும் இராது. ஆயினும் எமது நிலத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் தேட வேண்டிய ஆவணம் அதுவே.